கடைசி பஸ் போன பிறகு முடியும் மீட்டிங்: ஐடி மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேலாளர்களுக்கு,

வணக்கம். சென்னையிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு நாகர்கோவில் கிளையில் உள்ள குழுக்களை நடத்தும் எல்லாருக்கும்தான் இதை எழுதுகிறேன். நவம்பர் பிறந்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். நியூயார்க் கிளையண்டின் காலை 9 மணிக்காக நாங்கள் மாலை 6.30க்கு உட்கார்ந்த அழைப்பு, திங்கட்கிழமை முதல் 7.30 ஆகிவிடும். "உங்களுக்கு இது சரிப்படுமா?" என்று ஒருவரும் கேட்பதில்லை.

இங்கே அது வடகிழக்குப் பருவமழைக் காலம். எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி மணவாளக்குறிச்சிக்கு அப்பால் கடற்கரையோரத்திலிருந்து வருகிறாள். அப்பா கடலுக்குப் போகிறவர். நாகர்கோவில் அண்ணா பஸ் நிலையத்தில் பஸ் பிடித்து வழியில் இறங்கினால், அங்கிருந்து ஊருக்குள் போகிற கடைசி பஸ்ஸும் இருக்க வேண்டும். போன வாரம் அழைப்பு முடிகிறபாடில்லை. பஸ்ஸை விட்டுவிடுவோமே என்று ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டே கிளம்பிவிட்டாள். மழைக்குப் பயந்து லேப்டாப்பைத் துணிக்கடைக் கவரில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். அவள் முறை வந்தபோது பஸ் ஹார்ன் சத்தம்தான் முதலில் கேட்டது. "இது ஆபீஸா, சந்தையா? கமிட்மென்ட் இருக்கிறவங்க இப்படிப் பண்ண மாட்டாங்க" என்றார் மேலாளர், கிளையண்ட் உட்பட எல்லார் முன்னிலையிலும். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மைக்கை மட்டும் அணைத்துக்கொண்டாள். அன்றைக்கு அந்த ஊர் பஸ்ஸும் போய்விட்டது. அவள் அப்பா மழையில் பைக்கில் வந்துதான் கூட்டிப் போனார்.

ஐயா, அந்த அழைப்பில் கிளையண்ட் பேசியது பத்து நிமிடம்கூட இருக்காது. மற்ற நேரமெல்லாம் நம் ஆட்களை வரிசையாகக் கூப்பிட்டு "இது ஏன் முடியவில்லை, அது ஏன் முடியவில்லை" என்று கேட்பதில் போனது. மென்பொருள் வேலையைக் குழுவாகச் செய்ய நாம் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொள்கிற ஸ்க்ரம் (Scrum) முறையில் தினசரிக் கூட்டத்துக்கு 15 நிமிடம்தான். வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் பேசி அன்றைய வேலையைத் திட்டமிட்டுக்கொள்ள வைத்த கூட்டம் அது. அதை விசாரணை ஆக்கியது யார்? கிளையண்டிடம் ஒருவர் பேசினால் போதாதா? மற்றவர்கள் ஐந்தரைக்கே நிலவரத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாமே. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: நேரம் குறிப்பதற்கு முன் குழுவைக் கேளுங்கள்.

1939இல் கர்ட் லெவின் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய சகாக்களும் பத்து வயதுச் சிறுவர் குழுக்களை வைத்து ஆய்வு செய்தார்கள். உத்தரவு போட்டே நடத்திய தலைவர் அறையை விட்டுப் போனதும் அந்தக் குழுவில் வேலை படுத்துவிட்டது. பிள்ளைகளோடு கலந்து பேசி நடத்திய குழுவில், தலைவர் இல்லாதபோதும் வேலை ஓடியது. மேலாளர் லீவு போட்ட அன்று எங்கள் குழு எப்படி இருக்கிறது என்று ஒரு நாள் வந்து பாருங்கள். யாரும் சோம்பேறிகள் இல்லை. எதையும் சொந்தமாக முடிவு செய்து பழக்கமே இல்லை. நன்றாகப் புரோகிராம் எழுதினார் என்பதற்காக ஒருவரை மேலாளர் ஆக்குகிறீர்கள். சரி, ஆளை நடத்த அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்த மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு மழையும் காற்றும் சேர்ந்து வந்தால் கடற்கரை வீடுகளில் யாருக்கும் உறக்கம் வராது. அப்படிப்பட்ட நாளில் "அங்கே மழையா? இங்கே வெயில்தானே" என்று சொல்லிவிட்டு அழைப்பைத் தொடர்வது எங்களுக்கு வலிக்கிறது. குறைந்த சம்பளத்துக்கு நல்ல ஆள் கிடைக்கிறது என்றுதானே இங்கே கிளை திறந்தீர்கள்? அந்த ஆட்களுக்கு ஊரும் வீடும் இருப்பதையும் சேர்த்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2019இல் தமிழக அரசு நிறுவனங்களை 24 மணி நேரமும் திறந்து வைக்க அனுமதித்தபோது, இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலை வாங்க எழுத்து மூலச் சம்மதமும் பாதுகாப்பும் போக்குவரத்து வசதியும் வேண்டும் என்று நிபந்தனை போட்டது. 7.30க்குத் தொடங்கும் அழைப்பு எட்டுக்கு முடிந்த நாள் எது? நேரத்தைக் குறைக்க வழியே இல்லை என்றால், வண்டி ஏற்பாடு செய்யுங்கள்.

அடுத்த திங்கட்கிழமைக்கு முன் உங்கள் குழுவோடு உட்கார்ந்து, எந்த நேரம் ஒத்துவரும் என்று ஒருமுறை கேட்டுவிடும்படி பணிவுடன் வேண்டுகிறேன். அந்தத் தங்கச்சியிடம், அதே அழைப்பில், எல்லார் முன்னிலையிலும் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாகர்கோவிலிலிருந்து ஒரு டீம் லீட்