தட்டுவடை செட்டும் பல் செட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோர் உணவு பற்றிய உங்கள் ஞாயிறு இணைப்புக் கட்டுரையில் கொண்டைக்கடலைச் சுண்டல், வேர்க்கடலை, கீரைத்தண்டு, ஆட்டுக்கறி என்று அடுக்கியிருந்தீர்கள். எல்லாம் சரிதான், மெல்ல வேண்டுமே! வயதான சேலத்துக்காரர் ஒருவர் எங்கள் ஊரின் மொறுமொறு தட்டுவடை செட்டை வேண்டாமென்று தள்ளினால் அதற்குக் காரணம் பல நேரம் வயிறு இல்லை. வாயில் மாட்டியிருக்கும் இன்னொரு செட். மெல்ல முடியாதவர் இட்லி, ரசம் சாதம், ஜவ்வரிசிக் கஞ்சி என்று மாவுச்சத்துப் பக்கமே ஒதுங்கிவிடுகிறார். சர்க்கரை உள்ளவருக்கு அது இரட்டைக் கேடு.

நாலைந்து பல் போன இடத்துக்குக் கழற்றி மாட்டும் செட் போட்டவர் வலிக்கிறது என்றால், வீட்டில் கிடைக்கும் முதல் பதில் "போகப் போகப் பழகிடும்". எச்சில் ஊறுவது பழகும், பேச்சுக் குழறுவது பழகும். இரண்டு மூன்று வாரத்தில் சரியாகிவிடும். புண் பழகாது. ஒரே இடத்தில் குத்தினால் செட்டில் அந்த இடத்தைத் தேய்த்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் போகும்போது முந்தின நாளாவது செட்டைப் போட்டிருக்க வேண்டும். நாலு நாள் கழற்றி வைத்துவிட்டுப் போனால் புண் ஆறி, எங்கே தேய்ப்பதென்று மருத்துவருக்கே அடையாளம் கிடைக்காது. வீட்டில் உப்புத்தாளால் தேய்ப்பவர்கள் பெரும்பாலும் தேய்க்கக் கூடாத பக்கத்தைத்தான் தேய்க்கிறார்கள்.

நன்றாக இருந்த செட்டும் ஏன் தளர்கிறது? பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு கரைகிறது. முதல் வருடம் வேகமாக, பிறகு ஆயுள் முழுக்க மெதுவாக; மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில் அதிகம். ஈறும் கூடவே இறங்குகிறது. செட் மட்டும் செய்த அன்றைக்கு இருந்த அளவிலேயே இருக்கிறது. சோதிப்பது எளிது: செட்டை மாட்டி, ஒரு பக்கக் கடைவாய்ப் பல்லை விரலால் அழுத்துங்கள். மறுபக்கம் தூக்கினாலோ முன்பக்கம் எழும்பினாலோ அடியில் இடைவெளி விழுந்துவிட்டது. ஒரு கொய்யாத் துண்டு சாப்பிட்டுவிட்டுக் கழற்றிப் பார்த்தாலும் போதும், அடியில் ஒட்டியிருக்கும் விதைகள் சொல்லிவிடும்.

இங்கே அதிகம் புழங்குவது இளஞ்சிவப்பு அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் எஃகுக் கம்பி வைத்த செட். விலை குறைவு, உடைந்தால் ஒட்டலாம், பல் சேர்க்கலாம், அதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனால் அதிலுள்ள கம்பி செட்டைப் பிடித்துக்கொள்ள மட்டும்தான், சுமை தாங்காது. ஒவ்வொரு கடிக்கும் செட் ஈறுக்குள் அழுந்துகிறது. பக்கத்துப் பல்லின் கழுத்தில் அதன் ஓரம் ஈற்றைக் கீழே தள்ளித் தள்ளி வேரைத் திறந்து விடுகிறது. கம்பிக்கு அடியில் தங்கும் உணவு அந்த வேரைச் சொத்தையாக்குகிறது. கொஞ்ச வருடத்தில் நாலு பல் செட் ஆறு பல் செட்டாக மாறுவது இப்படித்தான். இதைத் தடுப்பது 'ரெஸ்ட்' என்ற சின்ன உலோகப் பாதம். இருக்கும் பல்லின் மேல் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சின்னக் குழி எடுத்து அதில் இது உட்காரும். கடியின் பாரம் ஈறுக்குப் போகாமல் பல்லுக்குப் போகும். கோபால்ட் குரோமியத்தில் வார்த்த செட்டில் இது சட்டத்தோடு சேர்ந்தே வரும். வரிசையின் கடைசியில் பிடிக்கப் பல்லே இல்லாதவர்களுக்கு இன்னும் சிக்கல்: செட் முன்பக்கம் பல் மேலும், பின்பக்கம் ஈறு மேலும் உட்காரும். பல் அசைவதைவிட ஈறு பல மடங்கு அழுந்தும் என்பதால் செட் சீசாப் பலகை மாதிரி ஆடி, பிடித்திருக்கும் பல்லையே நெம்பும். கம்பி தெரியாத நைலான் செட் பார்க்க அழகு, வளையும், புண் குறைவு. ஆனால் அதிலும் பெரும்பாலும் ரெஸ்ட் கிடையாது. தளர்ந்தால் அடிப்பக்கம் ஏற்றுவதும் லேசில்லை. சாப்பிட நினைப்பவர் அழகுக்கு மயங்க வேண்டாம்.

கொலுசு வேலைக்குப் பேர்போன ஊர் என்பதால் சேலத்தில் நல்ல குறடுக்குப் பஞ்சமில்லை. செட்டின் கம்பி தளர்ந்தால் வீட்டிலேயே குறடை எடுத்து நெருக்கிவிடுகிறார்கள். வெள்ளி வளைகிற மாதிரி இந்தக் கம்பி வளையாது. ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை நெளித்தால் ஒரு நாள் சோற்றுக்கு நடுவே முறியும். உடையாமல் இருந்தால் இறுக்கிய கம்பி பல்லை நாள் முழுக்க ஒரே பக்கம் தள்ளும். அதிலும் ஒற்றைப் பல், இரட்டைப் பல் செட்டில் கம்பி போய்விட்டால் அதை மாட்டவே கூடாது. தூக்கத்திலோ தண்ணீரோடோ உள்ளே போய்விடும். வெறும் அக்ரிலிக் எக்ஸ்ரேயில் தெரியாது. ஆகவே செட்டைக் காணோம், தொண்டை வலிக்கிறது என்றால், படத்தில் ஒன்றுமில்லை என்பதோடு விட்டுவிடாமல், செட் காணாமல் போனதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இரவில் கழற்றச் சொல்வது சாஸ்திரத்துக்காக அல்ல. கழற்றாதவரின் மேல் அண்ணத்தில் செட்டின் உருவத்தை அச்சு எடுத்தது போலச் சிவப்பு படர்ந்திருக்கும். வலி இருக்காது என்பதால் ஆளுக்கே தெரியாது. கேண்டிடா என்ற பூஞ்சையின் வேலை அது. வாயோரம் வெடித்து எரிவதற்கும் பல சமயம் அதே பூஞ்சைதான் காரணம். சர்க்கரை உள்ளவருக்கும், மாத்திரையால் எச்சில் வறண்டவருக்கும் சீக்கிரம் வரும். மருந்து போட்டால் குறையும். செட்டையும் சுத்தம் செய்யாவிட்டால் திரும்பி வரும். ஜப்பானில் 85 வயது தாண்டியவர்களிடம் நடந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. தினமும் சோப்பும் மிருதுவான பிரஷும் போதும். பற்பசை அக்ரிலிக்கைக் கீறும், கீறலில் அழுக்கு தங்கும். கழுவும்போது அடியில் தண்ணீர்ப் பாத்திரம் இருக்கட்டும், கைநழுவினாலும் உடையாது. ஏற்காட்டுக் குளிரில் செட்டையும் கொதிநீரில் போட ஆசை வரும், அது கோணிக்கொள்ளும். இரவு முழுக்கச் சாதாரணத் தண்ணீரில் கிடக்கட்டும்.

செட்டைக் கழற்றியும், தேய்த்துக் கொடுத்தும் இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணைச் செட்டின் தலையில் கட்டக் கூடாது. வெற்றிலை பாக்கு, புகையிலை போடுபவர் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் காட்ட வேண்டும்; தேவைப்பட்டால் சதை எடுத்துச் சோதிப்பார்கள்.

"கழற்றவே வேண்டாத செட்" என்று கம்பியும் செல்ஃப் கியூர் (தானே இறுகும்) அக்ரிலிக்கும் வைத்துப் பக்கத்துப் பற்களோடு ஒட்டிவிடும் ஆட்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். அடியில் சுத்தம் செய்ய வழியே இல்லை; ஈறு சீழ்பிடித்து, பிடித்திருந்த பற்களும் போகும். மேல் செட் நிற்பதற்கு ரப்பர் வட்டு பதிக்கிறார்களே, அது அண்ணத்தை உறிஞ்சி உறிஞ்சி ஓட்டையே போட்டிருக்கிறது.

தளர்ந்த செட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பற்களும் கம்பியும் நன்றாக இருந்தால் அதையே அச்சுத்தட்டாக வைத்து வாயில் அச்சு எடுத்து, அடியில் புது அக்ரிலிக் ஏற்றலாம். இதற்கு 'ரீலைன்' என்று பெயர். புதுச் செட் என்றால் மட்டும் "நாளைக்கே வேணும்" என்று நெருக்காதீர்கள். அக்ரிலிக்கை 74 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 8 மணி நேரம் வைத்து, பிறகு ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். அவசரப்பட்டுக் கொதிக்கவிட்டால் உள்ளே குமிழி விழும், அக்ரிலிக்கில் கலந்த திரவம் வேகாமல் மிஞ்சி வாய் எரியும். மாட்டின பிறகு ஒரு வாரத்துக்குள் இரண்டு முறையாவது காட்ட வேண்டியிருக்கும். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வரவேண்டிய ஏற்காட்டு மலைக்காரர்கள் அந்த இரண்டு நாளையும் அளவு கொடுக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
பல் செட் செய்யும் தொழில்நுட்பர்கள்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.