எந்த மருந்து, ஏன் என்று தமிழில் எழுதிக் கொடுங்கள்

புற்றுநோய் மருத்துவத் துறைத் தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

என் தாயாரின் கோப்பு தங்கள் துறையில்தான் இருக்கிறது. ஆகவே டிஎல்பிசிஎல் என்னும் விரைந்து வளரும் நிணநீர்ப் புற்றுநோயைப் பற்றி நான் தங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: எந்த நோயாளிக்கும் கீமோ தொடங்கும் முன்பே, எந்த முறையில் கொடுக்கப் போகிறீர்கள், மற்றதை விட்டு அதை ஏன் தேர்ந்தீர்கள் என்பதைத் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் ஒரு கீமோ முறையின் பெயரைச் சொல்லி, "ஆர்-ஈபாக் கொடுக்கிறோம், இது கொஞ்சம் பவர்ஃபுல்" என்ற ஒற்றை வரியோடு, இரவு எட்டு மணிக்கு வார்டு வாசலில் ஆங்கிலப் படிவத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் 96 மணி நேரம் மருந்து இடைவிடாமல் இறங்கியது. புரண்டு படுத்துக் குழாய் மடங்கினாலே பம்ப் அலறும் என்பதால், அம்மா நான்கு இரவும் கையை நீட்டியபடி மல்லாந்தே கிடந்தார். கழிவறைக்கும் மருந்து தொங்கும் கம்பியை உருட்டிக்கொண்டேதான் போனார். இரண்டாம் சுற்றுக்குப் பின் வெள்ளையணுக்கள் குறைந்து, காய்ச்சலோடு மறுபடியும் சேர்த்தோம். ஆர்-சாப் என்று இன்னொரு முறை உண்டு, அதில் 21 நாளுக்கு ஒருமுறை ஒரே பகலில் மருந்தை ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதை அப்போதுதான், அதுவும் பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் மகள் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

இவ்விரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2019இல் வெளியானதைத் தாங்கள் அறிவீர்கள். அதில் இருந்தவர்கள் 491 பேர். நோய் முற்றாமல் இரண்டாண்டைக் கடந்தவர்கள் ஈபாக்கில் சுமார் 79%, சாப்பில் சுமார் 76%. இதைப் பொருட்படுத்தத்தக்க வேறுபாடாக ஆய்வாளர்கள் கொள்ளவில்லை. வெள்ளையணு குறைந்து காய்ச்சல் கண்டவர்களோ ஈபாக்கில் 35%, சாப்பில் 18%. நெஞ்சின் நடுவே தோன்றும் ஒரு வகைக்கும், இரண்டு மரபணு மாற்றங்கள் சேர்ந்து வரும் வகைக்கும் பல மருத்துவர்கள் ஈபாக்கையே தேர்கிறார்கள் என்றும் படித்தேன். அம்மாவுக்கும் அப்படி ஒரு காரணம் இருந்திருக்கலாம். இருந்தால் அதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதாதா? தங்கள் முடிவைத் தவறென்று சொல்லும் படிப்பு எனக்கில்லை. அதன் காரணத்தை அறியும் உரிமை எங்களுக்கு உண்டு. மிக்சி வாங்கினால்கூடத் தமிழில் குறிப்பேடு கிடைக்கும் ஊரில், நரம்பில் ஏறும் மருந்துக்கு ஒரு பக்கம் கிடையாது என்பது மனத்தை அறுக்கிறது.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். அம்மாவுக்கு நான்காம் சுற்று வரும் திங்கட்கிழமை. அதற்குள் அந்த ஒரு பக்கத்தைத் தமிழில் தரும்படி பணிவுடன் வேண்டுகிறேன். அம்மா நன்றாகத் தமிழ் வாசிப்பார்; கண்ணாடியை எடுத்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நோயாளி ஒருவரின் மகன்