ஆண்டறிக்கை: சரித்திர நாவல் பெண்களோடு நம் வாசகர் வட்டத்தின் ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், வட்டத்தின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். சென்ற பொதுக்குழுவில் நீங்கள் முடிவு செய்தபடி, இந்த ஆண்டு முழுவதும் ஒரே பொருளை எடுத்துக்கொண்டோம்: சரித்திர நாவல்களில் வரும் பெண்கள், அவர்கள் பட்ட துன்பம், அவர்கள் கொண்ட காதல். வேறு வகை நூல்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று சிலர் கேட்டார்கள். ஓர் ஆண்டாவது ஒன்றை ஆழமாகப் படிப்போம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். செயற்குழு அதற்கு இடம் கொடுத்தது, நன்றி.

மாதக் கூட்டங்கள் நன்றாக நடந்தன. மழையால் ஒன்றை மட்டும் தள்ளிவைத்தோம். தொடக்கத்திலேயே ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டோம். நாவலைப் பற்றிப் பேசுமுன், அந்தக் காலத்துக் கல்வெட்டு ஒன்றையோ சட்டம் ஒன்றையோ ஓர் உறுப்பினர் வாசித்து விளக்க வேண்டும். கதாநாயகி காதலித்தாள், சரி. அந்தக் காதலுக்கு அவள் என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பது அந்த ஆவணங்களில்தான் இருக்கிறது. இந்த வழக்கம் நம் பேச்சையே மாற்றிவிட்டது. முன்பெல்லாம் எந்தப் பாத்திரம் யாருக்குப் பிடித்தது என்பதோடு கூட்டம் முடிந்துவிடும்.

முதலில் கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’. 1944 முதல் 1946 வரை வார இதழில் தொடராக வந்த கதை. மூத்த உறுப்பினர்கள் பலருக்கு அது மனப்பாடம். சாளுக்கியர் தலைநகரான வாதாபிக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட நடனப் பெண் சிவகாமியை மீட்க, அவள் காதலித்த பல்லவர் குலத்து மாமல்லர் மாறுவேடத்தில் வருகிறார். அவள் போக மறுக்கிறாள். வாதாபி எரிந்த பிறகே வருவேன் என்கிறாள். இளைய உறுப்பினர்களுக்கு இது கோபத்தை உண்டாக்கியது. கதவைத் தட்டி வந்த வாழ்க்கையை ஒரு சபதத்துக்காக விடுவதா என்று கேட்டார்கள். அப்போது ஓர் அம்மா எழுந்து, தன்னோடு பிடிபட்டு வந்தவர்கள் சவுக்கடி படக்கூடாது என்பதற்காக வாதாபியின் நாற்சந்தியில் ஆடியவள் அவள் என்று நினைவூட்டினார். அத்தனை பேரை அங்கேயே விட்டுவிட்டு அவள் மட்டும் எப்படிக் கிளம்புவாள் என்று அவர் கேட்டதும் கூட்டம் வேறு திசையில் போனது. சிவகாமி கற்பனைப் பாத்திரம்தான். ஆனால் மாமல்லர் எனப்பட்ட நரசிம்மவர்மர் 642ல் வாதாபியை வென்றது வரலாறு. ஒரு படையெடுப்பு நடந்தால் பெண்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள் என்பதற்குக் கற்பனை தேவையில்லை. என்னைப் பொறுத்தவரை அந்த நாவலின் பெருமையே, அவளுக்கு மாமல்லரைக் கொடுத்து ஆறுதல் சொல்லாமல் முடித்ததில்தான் இருக்கிறது. அவள் திரும்பி வரும்போது அவருக்கு மனைவி இருக்கிறாள், குழந்தைகள் இருக்கிறார்கள்.

அடுத்து ‘பொன்னியின் செல்வன்’. குந்தவையா நந்தினியா என்ற பழைய வாதம் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். வந்தது, சீக்கிரமே ஓய்ந்தது. காரணம், அன்று வாசிக்கப்பட்ட கல்வெட்டுகள். அவற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சுந்தர சோழர் இறந்தபோது அவருடைய அரசி வானவன்மாதேவி உடன்கட்டை ஏறினார். திருக்கோவலூர்க் கல்வெட்டு அதைப் பாட்டாகவே சொல்கிறது: “முலைமகப் பிரிந்து முழங்கெரி நடுவணும் தலைமகன் பிரியாத் தையல்.” பால்குடி மாறாத பிள்ளையை விட்டுவிட்டு, நெருப்பின் நடுவிலும் கணவனைப் பிரியாதவள் என்று புகழ்கிறது. அதே குடும்பத்தில் இன்னொரு கைம்பெண், கண்டராதித்தரின் மனைவி செம்பியன் மாதேவி. அவர் பல பத்தாண்டுகள் உயிரோடு இருந்தார். செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக, அதாவது கற்கோயில்களாக, எடுத்துக் கட்டினார். கோனேரிராஜபுரத்தில் கணவர் பெயரால் கட்டிய கோயிலில், கண்டராதித்தர் லிங்கத்தை வணங்கும் சிற்பத்தையும் செதுக்கவைத்தார். கணவன்மேல் கொண்ட அன்பு இருவருக்கும் குறைவில்லை. ஒருத்தியின் அன்பு தீயில் முடிந்தது, இன்னொருத்தியின் அன்பு ஆயிரம் ஆண்டாக நிற்கிறது. தாயைத் தீயில் பறிகொடுத்த மகள்தான் குந்தவை. பின்னாளில் தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தாய் தந்தையின் உருவங்களைச் செப்புத் திருமேனிகளாகச் செய்துகொடுத்தார். கோயிலுக்கு வந்த கொடைகளைக் கல்லில் வெட்டச் சொன்ன ராஜராஜன், “நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்” என்று அக்காவை மனைவியருக்கு முன்னால் வைத்தான்.

இதைக் கேட்ட பிறகு நாவலில் வரும் குந்தவையின் நிதானம் எங்களுக்குப் புதிதாகப் புரிந்தது. வந்தியத்தேவன்மேல் உள்ள ஆசையை அவள் சட்டென்று வெளியே காட்டாததைத் திமிர் என்று சொன்னவர்கள் முன்பு உண்டு. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு யாரும் அப்படிச் சொல்லவில்லை. கல்வெட்டுகளைத் தேடி எழுதி வந்த உறுப்பினர் தம் பெயரை அறிக்கையில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் உழைப்புக்குப் பொதுக்குழு கைதட்டி நன்றி சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

அதே பெரிய கோயிலில் இன்னொரு நீண்ட கல்வெட்டு இருக்கிறது. சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து 400 பெண்களை ராஜராஜன் தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியேற்றினான். தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலைச் சார்ந்த தெருக்களில் வாழ்ந்த பெண்கள், என்று அவர்களுக்குப் பெயர். ஒவ்வொருத்தியின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதெல்லாம் அதில் உண்டு. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். சொந்த ஊரை விட்டு வர அவர்கள் ஆசைப்பட்டார்களா, அங்கே யாரையாவது விட்டுவிட்டு வந்தார்களா என்பதைக் கல் சொல்லாது. நம் சரித்திர நாவல்கள் இளவரசிகளைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டன. இந்த 400 வீடுகளில் ஒரு வீட்டுக்குள் நுழைந்து பார்க்கும் கதை வேண்டும் என்பது இந்த ஆண்டு நமக்குள் எழுந்த வலுவான ஆசை.

ஆண்டின் நடுவில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வந்தோம். 1856ஆம் ஆண்டின் விதவை மறுமணச் சட்டத்தை எடுத்து வாசித்தபோது எனக்கே அதிர்ச்சி. மறுமணம் செல்லும் என்று சொல்லும் அதே சட்டம், மறுமணம் செய்துகொண்டால் முதல் கணவன் சொத்தில் அவளுக்கு உள்ள உரிமை, அவள் அப்போதே இறந்துவிட்டதுபோல நின்றுபோகும் என்கிறது. அதாவது அந்தக் காலத்துக் கைம்பெண் ஒருத்திக்குக் காதல் வந்தால் ஊர்ப் பேச்சோடு போகாது. இருக்கும் வீடும் சோறும் போய்விடும். சீர்திருத்தக் கதைகள் பலவற்றில் நல்ல மனசுக்காரன் ஒருவன் வந்து தாலி கட்டியதும் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. அது போதாது என்று இப்போது உறுதியாகச் சொல்லலாம். அவள் கணக்குப் போட்டுப் பார்க்கும் அந்த இரவை எழுதாத கதை பாதிக் கதைதான்.

நூறு ஆண்டுகளுக்குச் சற்று முன் கடல் தாண்டி நடந்த ஒன்றைப் பற்றிய கூட்டம்தான் இந்த ஆண்டில் அதிகம் பேர் வந்தது. 1860 முதல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன குடும்பங்கள் பல. 1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி சேர்ல் அளித்த தீர்ப்பால், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத இந்தியத் திருமணங்கள் அங்கே செல்லாதவை ஆகும் நிலை வந்தது. பிள்ளை பெற்று வளர்த்தவர்கள் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை என்றானார்கள். அந்த அவமானத்தைப் பொறுக்காமல் பெண்கள் சத்தியாகிரகத்தில் இறங்கினார்கள். அந்நாட்டின் டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து கிளம்பிய தமிழ்ப் பெண்கள் நேட்டாலில் உள்ள நியூகாசிலின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் போய் வேலைநிறுத்தம் செய்யச் சொன்னார்கள். சிறை சென்று காய்ச்சலோடு வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள், வயது 16. அதே ஆண்டு வந்த சட்டம் அந்தத் திருமணங்களை ஏற்றுக்கொண்டது.

வள்ளியம்மைக்கு ஒரு காதல் கதை எழுதலாமா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நீண்ட விவாதம் நடந்தது. உண்மையில் வாழ்ந்த பெண்ணுக்கு, அதுவும் பதினாறு வயதில் உயிர் விட்டவளுக்கு, இல்லாத காதலனைக் கற்பித்து எழுத வேண்டாம் என்று பெரும்பாலோர் கருதினார்கள். எனக்கும் அதே எண்ணம். அவளோடு சிறைக்குப் போன, நமக்குப் பெயர் தெரியாத ஒரு மனைவியை எழுதலாம். தான் மனைவிதான் என்று நிரூபிக்கப் புருஷனையும் பிள்ளைகளையும் விட்டுச் சிறைக்குப் போனவள் அவள். அப்படியொரு காதல் கதை இதுவரை என் கண்ணில் பட்டதில்லை.

இதன் தொடர்ச்சியாக எழுத்துப் பயிற்சி ஒன்று வைத்தோம். வந்த கதைகள் ஒரே தரத்தில் இல்லை. சில கதைகளில் சோழ காலத்துப் பெண் இந்தக் காலத்து மாணவி போலப் பேசினாள். சிலவற்றில் துன்பத்தை அடுக்கிக்கொண்டே போனார்களே தவிர, அவள் எதற்காவது சிரித்தாளா என்று பார்க்கவில்லை. ஆனால் தளிச்சேரிப் பெண் ஒருத்தி, பழைய ஊரில் தான் கற்ற பாட்டை அடுத்த வீட்டுக்காரிக்குச் சொல்லிக்கொடுப்பதாக வந்த கதை எல்லோரையும் கட்டிப்போட்டது. அதை விரித்து எழுதும்படி கேட்டிருக்கிறோம்.

நூலகப் பிரிவில் சரித்திர நாவல்களோடு கல்வெட்டு நூல்களையும் வாங்கத் தொடங்கியிருக்கிறோம். எடுத்துச் சென்ற நூல்களைத் திருப்பித் தராதவர்கள் இந்த மாதத்துக்குள் தந்துவிட வேண்டும். இன்னொன்று, ஆண் உறுப்பினர்களின் வருகை இந்த ஆண்டு குறைந்தது. இது பெண்களுக்கான பொருள் என்று நினைத்து விலகியிருந்தால், தயவுசெய்து வாருங்கள். சட்டம் எழுதியவர்களும் தீர்ப்புச் சொன்னவர்களும் ஆண்கள்தான், ஆகவே இந்தப் பேச்சில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

வரும் ஆண்டுக்கு இரண்டு முன்மொழிவுகள். இலங்கை மலையகத் தோட்டங்களுக்குப் போன பெண்களை வைத்து எழுதப்பட்ட கதைகளைப் படிப்பது முதலாவது. உறுப்பினர்களின் கதைகளைத் தேர்ந்தெடுத்து ஒரு சிறு தொகுப்பாகக் கொண்டுவருவது இரண்டாவது. தொகுப்புக்கு மூவர் கொண்ட குழு வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிவதற்குள் என்னிடம் சொல்லுங்கள்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். அடுத்துப் பொருளாளர் வரவு செலவுக் கணக்கை வாசிப்பார்.

செயலாளர்