முதல் பாம்பே அனகோண்டாவா? பாம்பு விற்கும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் அயல்நாட்டுப் பாம்பு விற்கும் கடைக்காரர்களுக்கும், அவர்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் வளர்ப்போர் குழு நிர்வாகிகளுக்கும்,

வணக்கமுங்க.

போன மாதம் பல்லடம் பக்கம் ஒரு வீட்டில் வளர்ப்பு அனகோண்டா ஒரு பெண்ணின் கையைக் கவ்விச் சுற்றிய சங்கதி உங்கள் குழுக்களில் சுற்றி வந்துவிட்டது. "பாம்பு மேல தப்பில்லீங்க, அந்தம்மாவுக்குக் கையாளத் தெரியல" என்று உங்களில் ஒருவர் எழுதியிருந்ததையும் படித்தேன். அந்தம்மா என் அக்கா. அவருக்குக் கையாளத் தெரியாதுதான். அதைச் சொல்லத்தான் நானும் எழுதுகிறேன்.

நீங்கள் விற்றது அக்கா பையனுக்கு. அதற்கு முன் அவன் வளர்த்தது தொட்டி மீன் மட்டும். பச்சை அனகோண்டா, பெண், கையில் சுருண்டு கிடக்கும் குட்டி. "பழக்குனாச் செரியாப் போயிருமுங்ணா" என்று கொடுத்தனுப்பினீர்களாம். பையனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. பாம்பு அக்காவோடு தங்கிவிட்டது. இன்றைக்கு 11 அடி, ஓர் அரிசிச் சிப்பத்தின் எடை. இன்னும் வளரும். பெண் அனகோண்டா 15 அடியைத் தாண்டியும் போகும், உலகிலேயே கனமான பாம்பு இனம் அதுதான் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. விற்கிற நேரத்தில் மட்டும் மறந்துபோகிறது போலிருக்கிறது.

அது தண்ணீரிலேயே கிடக்கும் பாம்பு. அக்கா வீட்டில் அத்திக்கடவுத் தண்ணி வருவது வாரத்துக்கு ஒருநாள். போர்த் தண்ணீர் உப்பு, அதுவும் சித்திரையில் காற்றுதான் வரும். பையன் அறையில் கட்டிய சிமெண்ட் தொட்டியிலேயே பாம்பு கழியும். கழிந்தால் அன்றைக்கே மாற்றியாக வேண்டும், விட்டால் தோலில் புண் வரும். ஊற்றுகிற தண்ணீர் சில்லென்றும் இருக்கக் கூடாது, 28 டிகிரி வாக்கில் வெதுவெதுப்பாக வேண்டும். அறுபதைத் தாண்டிய பெண் மார்கழிக் காலையில் அண்டாவில் தண்ணீர் சுட வைத்து, குடம் குடமாகச் சுமந்து, தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்து ஊற்றுகிறார். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கி, தன் குளியலைச் சுருக்கிக்கொண்டு பாம்புத் தொட்டியை நிரப்புகிறார். கரண்ட் போனால் ஹீட்டர் நின்றுவிடுமே என்று ஒரு கல்யாணங்காட்சிக்கு ராத்தங்கல் போவதில்லை. ஒறம்பரை, சொந்தபந்தம் வருவதும் நின்றுவிட்டது.

அன்றைக்கும் தண்ணீர் மாற்றத்தான் குனிந்தார். கோழி அரிந்த கை. வாடைக்கு வாயைப் போட்டு, முழங்கை வரை சுற்றிவிட்டது. பக்கத்துத் தறிக்குடோனிலிருந்து ஓடி வந்தவர்கள் நடுவில் பிடித்து இழுக்க, அது மேலும் இறுக்க, வாலிலிருந்து பிரிக்கச் சொல்லிப் பையன் பெங்களூரிலிருந்து போனில் கத்திக்கொண்டிருந்தான். மூன்று பேர் சேர்ந்துதான் பிரித்தார்கள். ஆஸ்பத்திரியில் என்ன பாம்பு என்று கேட்டதற்கு அனகோண்டா என்றதும் நர்ஸம்மா சிரித்துவிட்டாராம். விஷமில்லை, உயிருக்கு ஆபத்தில்லை. பெரிய பாம்பைத் தனியாளாகத் தொடக் கூடாது என்பது உங்கள் தொழிலின் பாலபாடம். அந்த இன்னொரு ஆள் வீட்டில் இருக்கிறாரா என்று விற்கும்போது கேட்டீர்களா?

ஆகவே கேட்டுக்கொள்கிறேன்: முதன்முதலாகப் பாம்பு வளர்க்க வருகிறவர் கையில் ராட்சதப் பாம்பைக் கொடுக்காதீர்கள்.

பாம்பென்றாலே கம்பெடுக்கிற ஆளல்ல நான். எங்கள் காட்டில் சாரையை யாரும் அடிக்க விடமாட்டோம். ஆசைப்பட்டு வருகிறவனுக்குக் கார்ன் ஸ்நேக் இருக்கிறது, பந்து போலச் சுருளும் பால் பைத்தான் இருக்கிறது. 5 அடியைத் தாண்டுவது அபூர்வம், ஒருத்தர் கையில் அடங்கும். அதைச் சில வருடம் ஒழுங்காக வளர்த்துக் காட்டட்டும். அப்புறம் இடம் எவ்வளவு, தண்ணீருக்கு என்ன வழி, கூட யார் என்று கேட்டுவிட்டுப் பெரியதைப் பற்றிப் பேசுங்கள். இது சாதகப் பொருத்தம் பார்ப்பதைவிடச் சுலபம்.

கோவை வ.உ.சி. உயிரியல் பூங்காவுக்கே போதிய இடவசதி இல்லையென்று 2022ல் அங்கீகாரம் ரத்தானது. மாநகராட்சிக்கு முடியாதது பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒரு ஐ.டி. பையனுக்கு முடியும் என்று நம்பிய உங்கள் பெரிய மனசைப் பாராட்டத்தான் வேண்டும். ஈமுக்கோழி வளர்ப்பும் இப்படித்தான் வந்தது. 2012ல் பெருந்துறைப் பக்கம் விற்றவர்கள் கைவிட்டார்கள், பறவைகள் பட்டினி கிடந்தன, கடைசியில் அரசாங்கம் தீனி போட்டது. நமக்கு ஞாபகம் ரொம்பக் குறைவு.

வைத்தியத்துக்கு எங்கே போவது? எங்கள் மாட்டு டாக்டர் நேர்மையான மனுசன், "எனக்கு இதுக்கு மருந்தளவு தெரியாதுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். நாமக்கல்லில் கால்நடைக் கல்லூரி இருக்கிறதே என்பீர்கள். 11 அடிப் பாம்புக்கு எந்தக் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழிப்பார், அதையும் சொல்லிவிடுங்கள்.

திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி உங்களைக் கேட்டோம். "பெருசானா டிமாண்ட் இல்லீங்க" என்றது ஒரு கடை. இன்னொருவர் "பேசாம பி.ஏ.பி. வாய்க்கால்ல உட்ருங்க" என்றாராம்; பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன வாய்க்கால் அது. அமெரிக்காவில் வளர்ப்பு வியாபாரத்திலிருந்து வெளியே போன பர்மிய மலைப்பாம்புகள் புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகி, சில பகுதிகளில் ரக்கூன்கள் கண்ணில் படுவதே 99 சதவீதம் குறைந்துவிட்டது என்று 2012 ஆய்வொன்று சொல்கிறது. வாய்க்காலில் விடச் சொன்னவர் தயவுசெய்து பாம்புத் தொழிலை விட்டுவிட்டு வேறு ஏதாவது விற்கட்டும்.

கோபத்தில் நீண்டுவிட்டது, மன்னிக்கவும். கேட்பது இரண்டே. புதிதாக வருகிறவருக்கு அனகோண்டாவோ வேறு ராட்சதப் பாம்போ விற்காதீர்கள். விற்றதை வளர்க்க முடியாமல் கொண்டு வந்தால் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். 2024ல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு, கைமாறினால் தகவல் எல்லாம் உண்டு. பையன் பதிந்துதான் வைத்திருக்கிறான், அதனால் காகிதத்தைக் காரணம் காட்ட வேண்டாம்.

கொடுத்த பணத்தை அக்கா திருப்பிக் கேட்கவில்லை. உங்களில் யார் எடுத்துக்கொள்வதானாலும் சரி, பகலில், பெட்டியோடு வாருங்கள். குறைந்தது மூன்று பேராக வாருங்கள்.

இப்படிக்கு,
அந்தப் பையனின் தாய்மாமன்,
பல்லடம் வட்டம்