சமநிலைப் பயிற்சி அறையைத் திருப்பித் தாருங்கள்

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். தலைசுற்றலோடு வருகிறவர்களுக்குப் பயிற்சி தரும் சமநிலைப் பயிற்சி அறை போன மாதம் பழைய கோப்புகள் அடுக்கும் இடமாகிவிட்டது. கடலூர் வட்டார பிசியோதெரபிஸ்ட்கள் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: அந்த அறை வேண்டும்.

இப்போது தலைசுற்றலோடு வருகிறவர் மாத்திரைச் சீட்டும் கழுத்துப் பட்டையும் வாங்கிக்கொண்டு, "தலையைத் திருப்பாதீர்கள்" என்ற அறிவுரையையும் கேட்டுவிட்டுப் போகிறார். உள்காது ஒரு பக்கம் பழுதானவருக்கு இது கேடு. தலை திரும்பினால், உள்காதின் அரைவட்டக் குழாய்கள் உணர்ந்து சுமார் 10 மில்லி விநாடிக்குள் கண்ணை எதிர்ப்பக்கம் திருப்பிவிடும். பார்வையை மட்டும் நம்பினால் சுமார் 100 மில்லி விநாடி ஆகும். அதற்குள் காட்சி விழித்திரையில் வழுக்கிவிடும். அந்த வழுக்கலைப் பிழையாகக் கண்டுதான் சிறுமூளை கண்ணின் வேகத்தைத் திருத்தக் கற்கிறது. தலையைக் கட்டிப்போட்டால் பிழை தெரியாது, திருத்தமும் நடக்காது.

விடியுமுன் துறைமுகத்தில் படகேறும் மீனவரைப் பாருங்கள். காது கைவிட்ட பிறகு தலையை நிலைநிறுத்த அவருக்கு மிஞ்சியவை கண், கால், கழுத்துத் தசையின் உணர்வு. இருட்டில் கண் உதவாது. ஆடும் படகில் கால் உதவாது. மிச்சமிருந்த கழுத்தையும் பட்டை போட்டுப் பூட்டி அனுப்புகிறோம்.

பயிற்சிக்கு இயந்திரம் வேண்டாம். கண் மட்டத்தில், கை நீட்டும் தூரத்தில், 'அ' எழுதிய தாள் போதும். எழுத்திலிருந்து கண் எடுக்காமல் தலையை இடவலமாக ஒரு நிமிடம், பிறகு மேல்கீழாக ஒரு நிமிடம். எழுத்து கலங்கினால் வேகம் அதிகம். மிக மெதுவாகத் திருப்பினால் பார்வையே சமாளித்துவிடும், பயிற்சி வீண். கலங்கும் எல்லைக்குச் சற்றுக் கீழே வேகம் நிற்க வேண்டும். அதைப் பக்கத்தில் நின்று பார்க்க ஆள் வேண்டும், விழாமல் பிடிக்கச் சுவர் வேண்டும். தலைசுற்றல் புதிதாக வந்தவருக்கு நாளுக்கு மூன்று முறை, மொத்தம் 12 நிமிடமாவது. நாள்பட்டவருக்கு 20 நிமிடமாவது. படுக்கையில் புரளும்போது மட்டும் சுற்றுகிறவருக்கு முறை வேறு: காதுக்குள் இடம் மாறிய துகளைத் தலையைத் திருப்பியே திரும்பக் கொண்டுவர வேண்டும். அதற்கு ஒரு கட்டில்.

எக்ஸ்ரேயில் கழுத்தெலும்புத் தேய்மானம் கண்டதும் எல்லாத் தலைசுற்றலுக்கும் அதையே காரணமாக எழுதும் வழக்கத்தை எத்தனை ஆண்டு பொறுப்பது? வயது ஏறினால் தேய்மானம் பெரும்பாலோருக்கு இருக்கும்.

கோபம் மிகுந்திருந்தால் பொறுத்தருளுங்கள். கோப்புகளை மாற்றி அடுக்க நாங்களே வருகிறோம். காலையில் இரண்டு மணி நேரமாவது அறையைத் தாருங்கள்.

இப்படிக்கு,
கடலூர் வட்டார பிசியோதெரபிஸ்ட்கள்