எல்லாத்தையும் நிறுத்திடாதே

அன்புள்ள கண்ணு,

லினக்ஸ் சர்வர் பூட் ஆக ரெண்டு நிமிஷம் ஆகுது, பின்னாடி ஓடுற வேண்டாத சர்வீஸ் எல்லாத்தையும் டிசேபிள் பண்ணப்போறேன் என்று ஒரே வரி எழுதியிருந்தாய். அதுவும் விடியற்காலை மூணரைக்கு. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

எஸ்எஸ்எச்சை மட்டும் தொடாதே, தூரத்திலிருந்து நீ உள்ளே நுழைகிற வழி அதுதான். மெஷின் உன் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. டிசேபிள் என்பது அடுத்த பூட்டுக்குத்தான், ஓடுவதை அது நிறுத்தாது. ஸ்டாப் கொடுத்தால்கூடத் திறந்திருக்கிற செஷன் பெரும்பாலும் அறுந்துபோகாது. எல்லாம் சரி என்று நம்பி ரீபூட் செய்வாய், அப்புறம் உள்ளே போகவே வழி இருக்காது. டெபியன் லினக்ஸில் அந்த சர்வீஸின் பெயர் எஸ்எஸ்எச், ஃபெடோரா லினக்ஸில் எஸ்எஸ்எச்டி. புது உபுண்டுவில் சாக்கெட் (இணைப்புக்காகக் காத்திருக்கும் வாசல்) வழியாக எழும்புவதால் சர்வீஸ் டிசேபிள்ட் என்று காட்டலாம், அதைப் பார்த்துப் பதறாதே.

எந்த சர்வீஸ் எவ்வளவு நேரம் எடுத்தது என்று காட்டும் பிளேம் பட்டியலைப் பார்த்துத்தானே முடிவு செய்தாய்? உன் அவசரம் எனக்குத் தெரியும். சர்வீஸ்கள் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. நாற்பது செகண்ட் எடுத்த ஒன்றுக்காக வேறு எதுவும் காத்திருக்கவில்லை என்றால் பூட் தாமதத்துக்கு அது காரணமே இல்லை. சிஸ்டம்டி-அனலைஸ் கிரிட்டிக்கல்-செயின் என்ற கமாண்டைப் போட்டுப் பார், எது எதற்காகக் காத்திருக்கிறது என்று அதில்தான் தெரியும். பலமுறை, நெட்வொர்க் வரும்வரை காக்க வைக்கிற நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன்தான் அகப்படும். அதை எடுக்குமுன் என்எஃப்எஸ் மவுன்ட் (நெட்வொர்க் வழியாக இணைக்கிற வேறு மெஷினின் ஃபோல்டர்) இருக்கிறதா, குறிப்பிட்ட ஐபி முகவரியில் பைண்ட் ஆகிற, அதாவது அதைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற டேட்டாபேஸ் இருக்கிறதா பார். இருந்தால் விட்டுவிடு. சரியாகத் தொண்ணூறு செகண்ட் நின்றால் இணைக்கவேண்டிய டிஸ்க்குகளின் பட்டியலான எஃப்எஸ்டேபைப் பார், இல்லாத டிஸ்க் ஒன்று அதில் பெரும்பாலும் எழுதியிருக்கும். அந்த வரியில் நோஃபெயில் சேர்த்தால் போதும், அந்த டிஸ்க்குக்காகக் காத்திருக்காமல் பூட் தொடரும்.

டிசேபிள் செய்த பிறகும் பிரிண்டருக்கான கப்ஸ் மாதிரி சில எழுந்து வரும், சாக்கெட்டோ, ஃபைல் வருகிறதா என்று பார்த்திருக்கும் பாத் யூனிட்டோ அதை எழுப்பிவிடும். அதற்குத்தான் மாஸ்க், எதுவும் எழுப்பமுடியாதபடி அடைத்துவிடும். ஆனால் அதை நம்பி எவை இருக்கின்றன என்று காட்டும் லிஸ்ட்-டிபென்டன்சீஸ் --ரிவர்ஸ் பார்க்காமல் எதையும் மாஸ்க் பண்ணாதே. உன்னை நம்பி யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் கதவைச் சாத்தக்கூடாது. சின்னவள் இந்த மாதமும் உன்னைக் கேட்டாள்.

யுஎஸ்ஆர் லிப் ஃபோல்டர் அடியில் இருக்கிற, சர்வீஸ் எப்படி ஓடவேண்டும் என்று எழுதியிருக்கும் யூனிட் ஃபைலைத் திருத்தாதே, பேக்கேஜ் அப்டேட்டில் போய்விடும். சிஸ்டம்சிடிஎல் எடிட் போடு. எந்தப் புரோகிராமை ஓட்டவேண்டும் என்று சொல்கிற எக்ஸெக்ஸ்டார்ட்டை மாற்றுவதானால் முதலில் "எக்ஸெக்ஸ்டார்ட்=" என்று வெறும் வரி, அதற்குக் கீழே புதுசு. வெறும் வரி இல்லாவிட்டால் பழையதும் சேர்ந்து இரண்டாகி, சர்வீஸ் பெரும்பாலும் கிளம்பவே மறுக்கும். உன் பேக்கப் ஸ்கிரிப்ட் யூனிட்டை அப்பா படித்தார். ஆஃப்டரும் (எதற்குப் பிறகு) வான்ட்ஸும் (எது கூட வேண்டும்) சேர்த்தே போட்டிருக்கிறான், இதில் பாதிப்பேர் தவறுவார்கள் என்றார். உன்னிடம் சொல்லமாட்டார், அதனால் நான் சொல்கிறேன்.

மறுபடி சொல்கிறேன், எஸ்எஸ்எச்சைத் தொடாதே. ஒரு தடவைக்கு ஒரு சர்வீஸ், ஒரு ரீபூட். முதலில் எது எனேபிள், எது டிசேபிள் என்று காட்டும் லிஸ்ட்-யூனிட்-ஃபைல்ஸ் வெளியீட்டை ஒரு ஃபைலில் எடுத்து வை. பூட் நடுவில் நின்றால் கன்சோலில் (மெஷினின் சொந்தத் திரையில்) க்ரப் என்ற பூட் மெனு வரும்போது இ அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்குகிற வரியின் கடைசியில் சிஸ்டம்டி.மாஸ்க்= என்று போட்டு அந்த சர்வீஸ் பெயரைச் சேர், கன்ட்ரோல்-எக்ஸ். அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் அது விலகி நிற்கும்.

ரீபூட்டைப் பகலில் செய், கன்சோலைத் திறக்கக்கூடிய ஆள் விழித்திருக்கும் நேரத்தில். ராத்திரி வேண்டாம். முடிந்ததும் சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்ட் போட்டுப் பார்த்துவிட்டு, என்ன வந்தது என்று கூப்பிட்டுச் சொல். எழுதவேண்டாம், கூப்பிடு.

அம்மா