தென்சென்னை என்றால் மயிலாப்பூர் மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேர்தல் வந்தாலே தென்சென்னையை ‘படித்தவர்கள் தொகுதி’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். 1967-ல் அண்ணா இங்கேதான் மக்களவைக்கு வென்றார், முதல்வரானதும் எம்.பி. பதவியை விட்டு விலகினார், அப்புறம் இடைத்தேர்தலில் முரசொலி மாறன் வந்தார். பின்னாளில் குடியரசுத் தலைவரான ஆர். வெங்கட்ராமனை 1977-லும் 1980-லும், நடிகை வைஜயந்திமாலாவை 1984-லும் 1989-லும் அனுப்பியதும் இதே தொகுதிதான். பெருமைதான், சரி.

ஆனால் இன்றைய தென்சென்னையின் பாரம் சோழிங்கநல்லூர் பக்கம் சாய்ந்துவிட்டது. மாநிலத்திலேயே அதிக வாக்காளர்கள் உள்ள சட்டமன்றத் தொகுதி அது. ஐ.டி. கம்பெனிகளும் அடுக்குமாடிகளும் ஒரு பக்கம், கடலோர மீனவர் குப்பங்கள் இன்னொரு பக்கம், நகருக்குள் கூவம், அடையாறு கரைகளில் குடிசை இழந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்கள் வேறு. நடுவே, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்புநிலம். அதைச் சுற்றிக் கட்டிக்கொண்டே போனதால் வேளச்சேரியில் மழைக்கு மழை தண்ணீர் நிற்கிறது. வேட்பாளர்களிடம் சாதிக் கணக்கைக் கேட்பதற்கு முன் இந்தச் சதுப்புநிலத்தைப் பற்றிக் கேளுங்கள், பதிலை முதல் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
வேளச்சேரி வாசகர்